இரண்டு ராகுகாலமும் முப்பத்தாறு படமும்

போன கிழமை சித்தி தொலைபேசியில் அழைத்தார். இலையுதிர்கால விடுமுறையில் படம் எடுக்கப் போவோமா என்று கேட்டார். புதிதாக ஒரு கமரா வாங்கியிருக்கிறாராம். ரோரோஸ் மரவீடுகள், குட்பிரான்ஸ்தால் பள்ளத்தாக்கு, லில்லஹம்மர் கடைத்தெரு என்று மூன்று நாளுக்குத் திட்டம் எழுதி எனக்கு அனுப்பியும் விட்டார். கார் ஓட்டுவது நான்.

"உனக்குத்தான் கமரா விசயம் எல்லாம் சின்னனிலையே தெரியுமெல்லே" என்றார்.

படம் எடுக்கும் பயணம் என்றால் எட்டு வயதிலிருந்து நான் ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பிவிடுவேன்.

அப்போது நாங்கள் ஒஸ்லோவில் மோர்டென்ஸ்ருட் என்ற பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். அப்பா நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் சில வருடம் நின்றுவிட்டு ஒஸ்லோவுக்கு வந்தவர். அங்கே பழகிய கத்தியைவிட அங்கே பழகிய ஒழுங்கு அவரிடம் அதிகம் மிஞ்சியிருந்தது. எதையும் நிமிடக் கணக்கில் திட்டம் போடுவார். சித்தி அம்மாவின் தங்கை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்றரை வருடம். காலையில் மொழி வகுப்புக்குப் போவார். மிச்ச நேரத்தில் நான்தான் அவருடைய ஆசிரியர். மாடிப்படி ஏறும்போது படிகளையும், உடுப்பு மடிக்கும்போது பொத்தான்களையும் நோர்வேஜிய மொழியில் எண்ணிக்கொண்டே இருப்பார். ஏழு மட்டும் வாயில் வராது. 'ஷூ' என்று சொல்லவேண்டியதைச் 'சூ' என்பார். நான் உடனே திருத்துவேன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒருத்திக்கு அதைவிடப் பெரிய பதவி எங்கே கிடைக்கும்?

அந்த இலையுதிர்காலத்தில் கனடாவிலிருந்து சித்திக்கு ஒரு சம்பந்தம் வந்தது. சாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஸ்ரூடியோப் படம் வேண்டாம், வெளியில் இயற்கையாக நின்று எடுத்த படம் நாலைந்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். சித்தி கேட்டதோ வேறு. குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மாவிடம் கெஞ்சியது எனக்குக் கேட்டது.

"அக்கா, எனக்கு நேர்சிங் படிக்கவேணும். ஒரு மூண்டு வருசம் பொறுங்கோவன்."

"மாப்பிள்ளை என்ன, பிறீசருக்கை வைச்ச மீனே, மூண்டு வருசம் கிடக்கிறதுக்கு?" என்றார் அம்மா. "படம் போய்ச் சேந்தால் அவை ஓமெண்டு சொல்லிப்போடுவினம். பிறகு அங்கை போய்ப் படி, ஆர் வேண்டாமெண்டது?"

சித்தி வெங்காயத்தை எண்ணத் தொடங்கினார்.

அப்பா மேசையில் வரைபடத்தை விரித்தார். அவரிடம் ஒரு கொள்கை இருந்தது.

"பனிக்கு முன்னாலை நிண்டால் நாங்கள் எல்லாரும் கறுப்பாத்தான் விழுவம். பச்சைக்கு முன்னாலை நிண்டால் ஊரிலை எடுத்த படம் மாதிரி இருக்கும். மஞ்சள் இலைக்கு முன்னாலை நிண்டு பாருங்கோ, ஆள் பொன்னாத் தெரியும். வருசத்திலை ரெண்டு கிழமைதான் கிடைக்கும்."

ஆகவே பேர்ச் மரங்கள் மஞ்சளாக நிற்கிற அந்த இரண்டு கிழமைக்குள், பள்ளி விடுமுறையும் அப்பாவின் ஓய்வுநாளும் சேர்ந்து வந்த ஒரு புதன்கிழமை குறிக்கப்பட்டது. முதலில் மியோசா ஏரிக்கரை, பிறகு லில்லஹம்மர் மரவீட்டுத் தெரு, கடைசியாகப் பள்ளத்தாக்கில் சிவப்புக் களஞ்சியம் உள்ள ஏதாவதொரு பண்ணை. அது யாருடைய பண்ணை என்பது திட்டத்தில் இல்லை. சித்திக்கு மூன்று சேலை, இடத்துக்கு ஒன்று. "ஒரே நாளிலை எடுத்ததெண்டு தெரியக்கூடாது. நாங்கள் கிழமைக்குக் கிழமை சுத்தித் திரியிற ஆக்களெண்டு நினைக்கட்டும்" என்றார் அம்மா.

அப்பா தன் பாட்ஸ்பியோர்ட் நண்பரிடம் பெரிய கமரா ஒன்றை இரவல் வாங்கி வந்தார். ஒரு சுருள் பிலிம், முப்பத்தாறு படம். இரண்டு நாளாக நான் அந்தக் கமராவுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். எந்தப் பொத்தான் எதற்கு, மூடியை எப்படிக் கழற்றுவது, பிலிம் போடும் பின்கதவை எப்படித் திறப்பது எல்லாம் பார்த்து வைத்துக்கொண்டேன். "பிலிம் போட்டாப் பிறகு அந்தக் கதவிலை கை வைக்கக்கூடாது" என்று அப்பா சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. சாமிப் படத்தைத் தொடாதே என்பது போல இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் சரியாக இருந்த நேரத்தில் அம்மா ராகுகாலத்தை ஞாபகப்படுத்தினார். புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. சம்பந்தத்துக்கு எடுக்கிற படத்தை அந்த நேரத்தில் எடுக்க முடியாது. அப்பாவுக்கும் அதில் ஆட்சேபமில்லை. ஆனால் எந்த ஊர்ப் பன்னிரண்டு மணி?

"கலண்டர் யாழ்ப்பாணத்திலை அடிச்சது" என்றார் அம்மா. "அங்கை பன்னிரண்டெண்டால் இஞ்சை காலமை ஏழரை. ஏழரையிலை இருந்து ஒன்பதுவரைக்கும் வெளிக்கிடேலாது."

"இஞ்சாரும், ராகு என்ன ரெலிபோனே எடுக்கிறார்? சூரியன் எங்கையோ அங்கைதான் ராகுவும். இஞ்சத்தைப் பன்னிரண்டுதான் கணக்கு."

அரை மணி நேரம் கதைத்து, ஒருவரும் தோற்காத ஒரு முடிவுக்கு வந்தார்கள். இரண்டு ராகுகாலத்தையும் அனுசரிப்பது. ஒஸ்லோவில் நோர்வே ராகுவுக்கும் யாழ்ப்பாண ராகுவுக்கும் ஒரே நாளில் மரியாதை செய்த குடும்பம் வேறு இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

ஆகவே ஏழு மணிக்கே உடுத்தி முடித்துவிட்டு, ஒன்பதுவரை சப்பாத்தோடு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தோம். வெளிக்கிட்டு முக்கால் மணியில் நான் முதல் தடவை வாந்தி எடுத்தேன். இரண்டாவது தடவை அம்மாவின் மடியில். அதைக் கழுவ நின்றது திட்டத்தில் இல்லாத இருபத்தைந்து நிமிடம். பெற்றோல் நிலையக் கழிவறையில் சித்தி முதல் சேலையை உடுத்தினார். ஏரிக்கரையில் இறங்கி அப்பா பதினொரு படம் எடுத்தார். கடிகாரம் பன்னிரண்டை நெருங்கியது. "எல்லாரும் காருக்குள்ளை!" என்று அம்மா கத்தினார்.

அப்போதுதான் சூரியன் முழுதாக வந்தது. அப்பா வரைபடம் விரித்துத் தேடிய மஞ்சள் அத்தனையும் கார்க் கண்ணாடிக்கு வெளியே பற்றி எரிகிற மாதிரி நின்றது. நாங்கள் உள்ளே இருந்து புட்டும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டோம். அப்பா கமராவை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். சரியாக ஒன்றரைக்குக் கதவைத் திறந்தார். மழை தொடங்கியது.

மழை விட்டு, லில்லஹம்மர் போய், இரண்டாவது சேலை மாற்றி, பிறகு மூன்றாவதும் மாற்றி, யாரோ ஒருவருடைய சிவப்புக் களஞ்சியத்துக்கு முன்னால் சித்தி நின்றபோது மூன்று மணி தாண்டிவிட்டது. ஆறு பாகைக் குளிர். ஒவ்வொரு படத்துக்கும் சித்தி ஜக்கெட்டைக் கழற்றி என்னிடம் தருவார். எடுத்ததும் நான் ஓடிப்போய்ப் போர்த்துவேன்.

"பிள்ளை, பல்லுக் கிட்டிறது படத்திலை தெரியும், கொஞ்சம் நிப்பாட்டும்" என்றார் அப்பா.

"நான் என்ன ஆசையிலையே கிட்டிறன், அத்தான்?"

"சிரி! சிரி! இயற்கையாச் சிரி!" என்று அம்மா பின்னால் நின்று அதட்டினார். பண்ணைக்காரர் உழவு இயந்திரத்தை நிறுத்தி, தன் களஞ்சியத்துக்கு முன்னால் சேலையோடு நடுங்குகிற பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொப்பியைத் தொட்டு மரியாதை செய்துவிட்டுப் போனார்.

முப்பத்துநாலு படம் முடிந்தது. மிச்ச இரண்டையும் திரும்பி வரும் வழியில், ஏரியில் சூரியன் விழும்போது எடுப்பதென்று அப்பா பிலிமை அதன் டப்பாவுக்குள் திருப்பிச் சுற்றாமல் வைத்துக்கொண்டார். வழியில் ஒரு கடையடியில் நிறுத்தி, அப்பாவும் அம்மாவும் கோப்பி வாங்கப் போனார்கள். சித்தியும் நானும் பின்சீற்றில் இருந்தோம். எங்களுக்கு நடுவில் கமரா.

"இதுக்குள்ளை இப்ப என்ரை படம் எல்லாம் இருக்குமோ?" என்று சித்தி கேட்டார்.

"ஓம். முப்பத்துநாலு."

"திறந்து பாக்கலாமே?"

"அப்பா தொடவேண்டாமெண்டவர்."

"அது சரி. உனக்குத் திறக்கத் தெரியாதுதானே. அது பெரிய ஆக்களுக்குத்தான் ஏலும்."

என்னை அறிந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லவேண்டியதில்லை. இன்றைக்கும் யாராவது உனக்கு ஏலாது என்று சொன்னால் நான் ஏணியில் ஏறிவிடுவேன். இறங்கத்தான் ஆள் பிடிக்கவேண்டும். கமராவின் ஓரத்துத் திருகியை மேலே இழுத்தேன். பின்கதவு திறந்தது. ஸ்ரிக்கர்கள் மாதிரி வரிசையாகச் சித்தியின் முகங்கள் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பழுப்பாக, மினுக்கமாக, வெறும் நாடா ஒன்று இருந்தது. சித்தி கமராவைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு என்னிடம் தந்து மூடச் சொன்னார்.

"இது எங்கடை ரெண்டு பேருக்கும் மட்டும், என்ன குஞ்சு? நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

அடுத்த கிழமை அப்பா கடையிலிருந்து வெறுங்கையோடு வந்தார். பிலிம் முழுக்கக் கன்னங்கரேலென்று கிடக்கிறது, உள்ளே வெளிச்சம் பட்டிருக்கிறது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அப்பா அந்தக் கமராவின் கதவை மூன்று நாள் ஆராய்ந்து, இடுக்கெல்லாம் கறுப்பு ஒட்டுநாடா ஒட்டி, நண்பரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். நண்பர் அதற்குப் பிறகு நெடுநாள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மறுபடி படம் எடுக்கலாம் என்றால், அந்தக் கிழமைக் காற்றில் இலை முழுக்கக் கொட்டிவிட்டது. அதன் பின்னால் பனி வந்தது. பனிக்கு முன்னால் நிற்பதுபற்றி அப்பாவின் கொள்கை எல்லோருக்கும் தெரியும்.

தீர்ப்பை அம்மாதான் சொன்னார். "ரெண்டு ராகுகாலத்தையும் விட்டிட்டு எடுத்த படமே எரிஞ்சு போச்செண்டால், பிழை நேரத்திலை இல்லை. இந்தச் சம்பந்தத்திலைதான் என்னவோ இருக்கு. விடுவம்."

"நீங்கள் சொன்னால் சரி, அக்கா" என்றார் சித்தி, மிகவும் பணிவாக. அடுத்த வருடம் நேர்சிங் படிக்கப் போனார். கல்யாணமும் பிறகு செய்தார், தனக்குப் பிடித்தவரை, ஒரு பெப்ரவரியில், நல்ல பனிக்கு நடுவில்.

நானோ குற்றவாளியாக வளர்ந்தேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன், அவரோ என்னைக் காட்டிக்கொடுக்காத தெய்வம். நன்றிக்கடனாக இரண்டு வருடம் சித்தியின் முறைக்கெல்லாம் நான் கோப்பை கழுவினேன். அவர் ஒரு நாளும் வேண்டாமென்று சொன்னதில்லை.

இதைத்தான் போன கிழமை தொலைபேசியில் ஒருவழியாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மறுமுனையில் சித்தி சிரித்த சிரிப்பில் எனக்குக் காது அடைத்தது. "கோப்பை கழுவினது அதுக்கோ? நான் நீ நல்ல பிள்ளையெண்டெல்லே நினைச்சனான்!" என்றார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "எடியே, என்ரை ஏழு இப்ப சரியோ?"

அப்போதுதான் அந்தப் பின்சீற்று முழுதாக ஞாபகம் வந்தது. கமராவை வாங்கிய சித்தி அதைச் சும்மா பார்க்கவில்லை. திறந்த கதவோடு யன்னல் பக்கம் திருப்பி, விழுந்துகொண்டிருந்த வெயிலுக்கு நேரே பிடித்தார். சுருளை விரலால் மெல்லத் தளர்த்திவிட்டார். அப்படியே பிடித்தபடி நோர்வேஜிய மொழியில் எண்ணத் தொடங்கினார், நிதானமாக, மாடிப்படி எண்ணுவதைப் போல. ஏழில் வழக்கம்போலப் பிழை விட்டார். நான் திருத்தினேன். அவர் கோபிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, கையை இறக்காமல், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி இருபதுவரை எண்ணினார்.

இப்படியொரு அக்கறையான மாணவி யாருக்குக் கிடைக்கும் என்று நான் பெருமைப்பட்டேன்.