பொங்கலுக்குச் சென்னை

மார்கழி மழையில், இலங்கையின் வாழைச்சேனையில் எங்கள் வளவெல்லாம் வெள்ளம் நின்றபோது, சென்னைக்குப் போக எந்த மாதம் நல்லது என்று என் மனைவி ஊரெல்லாம் விசாரித்தாள். "தை மாசந்தான். மழையும் விட்டிரும், வெயிலும் சுடாது, பொங்கலையும் பாத்துட்டு வரலாம்" என்று முடிவும் சொன்னாள்.

பொங்கலன்று காலையில் பட்டு உடுத்திக்கொண்டு விடுதியை விட்டு இறங்கினோம். காற்று குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் தெருவில் ஆளே இல்லை. தேநீர்க் கடைகூடப் பூட்டிக் கிடந்தது. மூலையில் ஓர் ஆட்டோக்காரர் மட்டும் நின்றார்.

"பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க சார்."

"அப்ப இது ஆருட ஊர்?" என்று மனைவி கேட்டாள்.

அவர் யோசித்தார். "தெரியலம்மா. நான் விழுப்புரம். பஸ்ல எடம் கெடைக்கல."

மனைவியின் முகத்தைப் பார்த்து இரங்கி, எங்களைத் தன் வீட்டுக்கே அழைத்துப்போனார். அங்கே அவருடைய மனைவி கேஸ் அடுப்பில் குக்கரை ஏற்றியிருந்தார்.

"குக்கர் எப்பிடிப் பொங்கி வழியும்?" என்று என்னவள் பதறினாள். மொட்டை மாடியில் மூன்று செங்கல்லை வைத்து, பானையை ஏற்றி, புகையில் கண்ணைக் கசக்கிக் கசக்கி ஊதினாள். பால் பொங்கியதும் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து மாடிகளில் மிஞ்சியிருந்த நாலைந்து பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

ஆட்டோக்காரர் ஊரிலிருந்த தாயாரை வீடியோவில் அழைத்து எங்களைக் காட்டினார். "பொங்கலுக்கு இலங்கையிலேர்ந்து வந்திருக்காங்கம்மா."

தாயார் எங்களைக் கும்பிட்டுவிட்டு மகனைப் பிடித்துக்கொண்டார். "அவங்க கடல் தாண்டி வந்துட்டாங்க. ஒனக்கு விழுப்புரம் வர முடியலையா?"