கோப்பி மெஷினும் மாப்பிள்ளையின் கையும்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நடந்தது இது. அப்போது நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். நாங்கள் என்றால் நானும் என் கணவரும்தான். அந்த ஒழுங்கையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று தொலைபேசி. மற்றது என்னுடைய எஸ்பிரஸோ மெஷின்.

சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் கொழும்பில் அப்படி ஒரு சாமானை வீட்டில் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். நான் ஒரு வெளிநாட்டுக் கம்பனியில் காரியதரிசியாக வேலை செய்தேன். அங்கிருந்த இத்தாலிய எஞ்சினியர், இங்கே நிலைமை மோசமாகித் தன் நாட்டுக்குத் திரும்பும்போது அதை எனக்குத் தந்துவிட்டுப் போனார். பாவிக்கும் விதத்தை அரை மணித்தியாலம் காட்டித் தந்தார். விடைபெறும்போது என்னைவிட மெஷினைத்தான் கூடுதல் நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் வாரம் பட்ட பாடு சொல்லி முடியாது. கோப்பிக்கொட்டையை மிளகாய் அரைக்கும் மில்லில் கொடுத்தேன். மாவாக அரைத்துத் தந்துவிட்டார்கள். மெஷின் உறுமியதே தவிர, தண்ணீர் இறங்கவில்லை. கடைசியில் இறங்கிய நாலு சொட்டைக் குடித்துவிட்டு என் கணவர் விடாமல் தும்மினார். அதன்பிறகுதான் மில்காரரிடம் “மிளகாய் போட முதல், காலமையே, ரவை மாதிரி அரைச்சுத் தாங்கோ” என்று சொல்லிப் பழகினேன். தூளை எவ்வளவு அமுக்குவது, கைப்பிடியை எவ்வளவு இறுக்கித் திருப்புவது, பால் நுரைப்பதை எப்போது நிறுத்துவது எல்லாம் மெல்ல மெல்லக் கைக்கு வந்தது. பாலை நுரைக்க வைப்பதற்காகப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆவிக்குழாயில் ஒருநாள் கை பட்டு, மணிக்கட்டுக்கு மேலே உட்பக்கமாக விரல் நீளத்துக்கு ஒரு கோடு விழுந்தது. கறுத்துப்போய் மாதக்கணக்காக இருந்தது. அதையும் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

தொலைபேசிக் கதை வேறு. அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு லொட்ஜ். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து விசாவுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் அங்கே தங்குவார்கள். அவர்களுக்கு வெளிநாட்டு அழைப்பு வருவது எங்களைப் போன்றவர்களின் வீட்டுக்கு. அழைப்பு வரும் நேரத்துக்கு வந்து கதிரை நுனியில் உட்கார்ந்திருப்பார்கள். மணி அடித்ததும் வீட்டுக்காரர் குசினிக்குள் போய்விடவேண்டும். அது மரியாதை. போய் நின்று காது கொடுத்துக் கேட்பதும் வழக்கம். அதை ஒருவரும் வெளியில் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

அப்படித்தான் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வயது இருபத்தாறு இருக்கும். தூரத்து உறவுக்காரர் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். தகப்பனும் அவளும் பக்கத்து லொட்ஜில் நாலு மாதமாகத் தங்கியிருந்தார்கள். தகப்பன் ஓய்வுபெற்ற தபால் அதிபர். சட்டைப்பையில் இரண்டு பேனா, பேச்சில் ஒரு முத்திரைக் குத்து. மாப்பிள்ளை சுவிஸில். முகம் பார்த்ததில்லை, படம்தான். பெரிய கம்பனியில் கணக்காளர் என்று சொல்லிப் பேசி முடித்த சம்பந்தம்.

“உத்தியோகமில்லாதவனுக்கு என்ரை பிள்ளையைக் குடுக்கமாட்டன் எண்டு முதலே சொல்லிப்போட்டன். கணக்காளர் எண்டபடியாத்தான் இந்த வயசில ஊரை விட்டு வெளிக்கிடப் பாஸுக்கு வரிசையில நிண்டு இவளைக் கூட்டிக்கொண்டு வந்தனான். இல்லையெண்டா எங்கடை ஊரே போதும்” என்று அவர் என்னிடம் இரண்டு மூன்று தரம் சொல்லியிருக்கிறார். ஊரே போதும் என்று அவர் சொன்ன ஊரில் அப்போது ஷெல் விழுந்துகொண்டிருந்தது. ஆனாலும் சொன்னதைச் செய்யக்கூடிய மனிதர்தான்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு மாப்பிள்ளையின் அழைப்பு வரும். அவள் மெதுவாகக் கதைப்பாள். கூடுதலாகக் கேட்டுக்கொண்டிருப்பாள். மூன்றாம் ஞாயிறோ என்னவோ, கதைத்து முடித்துவிட்டு நேரே குசினிக்குள் வந்து மெஷின் முன்னால் நின்றாள்.

“அன்ரி, இதை எனக்கும் பழக்கிவிடுவியளோ?”

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இவ்வளவு நாளில் ஒருவரும் கேட்காத கேள்வி. இத்தனைக்கும் அவள் கோப்பி குடிப்பதில்லை, பால் விடாத பிளேன்ரீதான். அடுத்த நாளே தொடங்கினோம். கரண்ட் வெட்டு இல்லாத நேரமாகப் பார்த்து வருவாள். நான் காட்டுவதைக் கூர்ந்து பார்ப்பாள். பாலை நுரைக்க வைத்ததும் குழாயை ஈரத்துணியால் துடைக்கவேண்டும் என்று ஒருதரம்தான் சொன்னேன், பிறகு மறந்ததேயில்லை. ஆனால் அவள் கேட்கும் கேள்விகள் ஒரு மாதிரியாக இருக்கும்.

“ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு தரம் இப்பிடி இறுக்கித் திருப்பினா மணிக்கட்டு நோகாதோ, அன்ரி?”

“ஆர் பிள்ளை வீட்டில முந்நூறு கோப்பி குடிக்கிறது?” என்று நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஒரு நாள் கதிரையைத் தள்ளிவிட்டு, இரண்டு மணித்தியாலம் நின்றபடியே கோப்பி போட்டுப் போட்டுச் சிங்கில் ஊற்றினாள். என் அருமையான தூள் வீணாகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் தகப்பன் விசாவுக்கான பத்திரங்களைக் கொண்டுவந்தார். அவற்றை அலுவலகத்தில் போட்டோகொப்பி எடுத்துத் தருவதாக நான் சொல்லியிருந்தேன். அவற்றுக்குள் மாப்பிள்ளையின் படமும் இருந்தது. வழக்கமான படம்தான். யாருடையதோ ஒரு சிவப்புக் கார், அதன் கூரையில் ஒரு கையைத் தூக்கி வைத்து, சட்டைக் கையை முழங்கைவரை மடித்துக்கொண்டு நிற்கிறார். நல்ல முகம். ஆனால் என் கண் போனது அந்தக் கைக்கு. மணிக்கட்டுக்கு மேலே, உட்பக்கத்தில், விரல் நீளத்துக்குக் கறுத்த கோடு. ஒன்றல்ல. எண்ணிப் பார்த்தேன், ஏழு. பழையதும் புதியதுமாக, ஒன்றுக்கு மேல் ஒன்று. என் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே இடம், அதே நீளம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பை எடுத்து அவளிடம் கொடுக்கும்போது தொலைபேசிக்குள்ளே பின்னால் பீங்கான் கோப்பைகள் மோதும் சத்தம் கேட்டதும் நினைவுக்கு வந்தது. இவன் எங்கேயோ சாப்பாட்டுக் கடையில் கோப்பி போடுகிறவன். கணக்காளராவது மண்ணாங்கட்டியாவது!

அன்று பின்னேரம் கணவரிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடிக்கவேயில்லை.

“உமக்கேன் உந்த வேலை? அந்தப் பெடியனும் வீட்டில உப்பிடி ஒண்டு வைச்சிருக்கலாம்தானே.”

“வீட்டில ரெண்டு கோப்பி போடுற எனக்கு ஒரு கோடு. அவருக்கு ஏழு. விளங்கேல்லையோ உங்களுக்கு?”

அவர் பேப்பரில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. ஒரு அப்பாவிப் பெண்ணை ஏமாற்றுகிறார்கள், அதைக் கண்டுபிடித்தவள் நான், இதைச் சொல்லாமல் விட்டால் பாவம் என்று மனதுக்குள் பெரிய நியாயம் பேசினேன். உண்மையைச் சொன்னால், கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமையும் அதற்குள் பாதி இருந்தது. அடுத்த சனிக்கிழமை காலை கோவிலால் வரும்போது கோப்பிக்கு வரும்படி தகப்பனுக்குச் சொல்லி அனுப்பினேன்.

இருவரும் வந்தார்கள். அவள் தானே போடுவதாகச் சொல்லிக் குசினிக்குள் போனாள். தகப்பன் விபூதிப் பூச்சோடு கதிரையில் சாய்ந்தார். விசா அனேகமாக அடுத்த கிழமை கிடைத்துவிடும் என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. அப்போதாவது நான் வாயை மூடியிருக்கவேண்டும்.

“ஐயா, நான் ஒண்டு சொன்னா குறை நினைக்கப்படாது. மாப்பிள்ளையின்ரை கையைப் பாத்தனீங்களோ?” என்று தொடங்கினேன்.

“கையிலை என்ன பிள்ளை?” என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

குசினிக்குள் ஆவிச் சத்தம் சட்டென்று நின்றது. “அன்ரி, பால் பொங்குது. ஒருக்கா ஓடி வாங்கோ!”

ஓடினேன். பால் பொங்கவில்லை. அவள் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

“சொல்லிப்போடாதேங்கோ, அன்ரி,” என்றாள் மெதுவாக. “எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“முதல் நாள் கதைக்கேக்கையே சொல்லிப்போட்டார். கணக்காளர் எண்டது அவரின்ரை தமையன் கட்டின கதை. தான் ஒரு கடையில கோப்பி போடுறன், விருப்பமில்லையெண்டா இப்பவே சொல்லும், நான் கோவிக்கமாட்டன் எண்டவர். விடிய அஞ்சரைக்கு மெஷினுக்கு முன்னால நிண்டா பின்னேரம் வரைக்கும் நிப்பாராம். அது என்ன மாதிரி எண்டு எனக்குத் தெரியவேணும் எண்டுதான் உங்களிட்டைப் பழகினனான்.”

அவள் நின்றபடி கோப்பி போட்டுப் போட்டு ஊற்றிய அந்த இரண்டு மணித்தியாலம் கண்முன்னால் வந்தது. தூளைக் கணக்குப் பார்த்து வயிறெரிந்த நானும் வந்தேன்.

“அப்பாவுக்கு நான்தான் சொல்லவேணும். போய்ச் சேர்ந்த பிறகு சொல்லுவன். இப்ப தெரிஞ்சா என்னைக் கையோட கூட்டிக்கொண்டு போயிடுவார். ஊருக்குப் போக எனக்குப் பயமில்லை, அன்ரி. அந்த மனுசனை விட மனமில்லை” என்றாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியது.

வெளியில் தகப்பன் செருமினார். நான் கோப்பித் தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

“மாப்பிள்ளையின்ரை கையிலை என்னமோ எண்டியள்?”

வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் யோசித்தது கிடையாது. “ஒண்டுமில்லை, ஐயா. கையிலை ஒரு மணிக்கூடு இல்லை. பொம்பிளை வீட்டாக்கள் ஒரு நல்ல மணிக்கூடு குடுத்துவிட்டா வடிவா இருக்கும் எண்டு பாத்தன்.”

அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். “உண்மைதான் பிள்ளை! எனக்கு இது படேல்லை” என்றார். மகள் போட்ட கோப்பியை ஒரு வாய் குடித்து, “சரியான கைப்பு” என்று முகத்தைச் சுளித்தார். ஆனாலும் கடைசிச் சொட்டுவரை குடித்தார். அடுத்த நாளே என் கணவரைக் கூட்டிக்கொண்டு புறக்கோட்டைக்குப் போய் மணிக்கூடு வாங்கினார். என் கணவர் திரும்பி வந்து, ஒன்றும் கேட்காமல் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

விசா கிடைத்தது. அவள் போவதற்கு முந்திய ஞாயிறு, வடக்கிலிருந்து வந்தவர்கள் பொலிஸில் பதிந்திருக்கிறார்களா என்று லொட்ஜில் சோதனை. ஒருவரையும் வெளியே விடவில்லை. பதினொரு மணிக்கு அழைப்பு வந்தபோது நான்தான் எடுத்தேன். சோதனை என்று சொன்னதும் மாப்பிள்ளையின் குரல் பதறியது. பயப்பட ஒன்றுமில்லை, வழமையானதுதான், முடிந்ததும் வந்துவிடுவாள் என்று ஆறுதல் சொன்னேன். பின்னால் அதே கோப்பைச் சத்தம். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்:

“அக்கா, அவ உங்களிட்டைக் கோப்பி போடப் பழகினதைச் சொன்னவ. கையிலை எங்கை சுடும், கால் எத்தினை மணிக்குப் பிறகு நோகத் தொடங்கும் எண்டெல்லாம் கேட்டவ. நான் இஞ்சை வந்து ஆறு வரிசம். காசு வந்துதோ எண்டு எல்லாரும் கேட்டிருக்கினம். இதை ஒருத்தரும் கேட்டதில்லை.”

“அக்கா, லைனிலை நிக்கிறியளோ?” என்று அவர் இரண்டு தரம் கேட்டார். நிற்கிறேன் என்று சொல்லவே எனக்கு நேரம் எடுத்தது. இந்தப் பிள்ளைகளுக்கு நான் செய்யவிருந்த காரியத்தை நினைத்து அன்று முழுவதும் அழுதேன்.

அங்கே கலியாணம் முடிந்து இரண்டு மாதத்தில் அவள் எல்லாவற்றையும், ஊருக்குத் திரும்பியிருந்த தகப்பனுக்கு எழுதினாள். எனக்கும் எழுதியிருந்தாள். அவர் பதில் போடவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம். கடிதங்களோடேயே வாழ்ந்த மனிதர் ஒரு கடிதம் போடாமல் இருந்தது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! எனக்கே தபால்காரனைக் கண்டால் நெஞ்சு இடித்தது. நாலாம் மாதம் ஒரு கடிதம் போனதாம். ஊர்ப் புதினம், மழை, வேலி அடைத்தது என்று இரண்டு பக்கம். கடைசியில் ஒரேயொரு வரி: ‘மருமகனைக் கையைப் பார்த்து வேலை செய்யச் சொல்.’ அதைத் தொலைபேசியில் எனக்கு வாசித்துக் காட்டும்போது அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

இன்றைக்கு எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் வெளிநாட்டில். யார் கதைத்தாலும், வேலை முடிந்து வந்தால் எங்கே நோகிறது என்றுதான் முதலில் கேட்கிறேன்; அப்படிக் கேட்க எனக்குப் பழக்கிவிட்டது, என்னிடம் கோப்பி போடப் பழக வந்த, கோப்பியே குடிக்காத அந்தப் பெண்தான்.