குரோம் தொட்டிக்கு வந்த மூடி

சாமிக்கு வைக்கிற பூவை மோந்து பார்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் கண்டிப்பு. எனக்கோ மல்லியைக் கண்டால் கை தானாக மூக்குக்குப் போய்விடும். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி அதற்காகத் திட்டாத வெள்ளிக்கிழமை இல்லை.

தாம்பரம் பக்கத்தில் குரோம் பூசுகிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. வண்டி ஹேண்டில்பாரைத் தொட்டியில் முக்கிப் பளபளவென்று எடுக்க வேண்டும். தொட்டியிலிருந்து எழும்பும் ஆவியைப் பத்தொன்பது வருஷம் சுவாசித்தேன். மூக்கில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வதுதான் எங்களுக்குக் காப்பு. கேட்டால் முதலாளி, "குரோம்னா இப்படித்தான்பா. வேற வழியே கிடையாது" என்பார். நல்ல மனுஷர். அவரும் அதை நம்பினார்.

பிறகு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் நோட்டீஸ் கொடுத்தார்கள். ஆவியும் கழிவுநீரும் வெளியே போனால் கரண்ட் கட். இரண்டே மாதத்தில் எல்லாம் மாறியது. விஷம் குறைந்த வேறு ரசாயனம் வந்தது. எங்கள் இன்ஜினியர் தொட்டிக்கு ஒரு மூடி செய்தார். பொருள் உள்ளே இறங்கியதும் அது தானே மூடிக்கொண்டு ஆவியை உறிஞ்சிவிடும். கழுவிய தண்ணீரும் சுத்தமாகித் திரும்பி வந்தது. அதைப் பார்த்துப் போக நாவலூர்ப் பக்கத்துக் கம்பெனிகளிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

"இன்னா மச்சான், கரண்ட்ட புடுங்குவேன்னு சொன்னாதான் மூளை வேலை செய்யுமா?" என்று பக்கத்துத் தொட்டிக்காரன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஆனால் எனக்கு அதற்கு முந்தைய வருஷமே வாசனை போய்விட்டது. குரோம் ஆவி அரித்து மூக்குத் தண்டில் ஓட்டை, வாசனை இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் சளி என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஒருநாள் அடுப்பில் பால் அடிப்பிடித்தது. நான் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மனைவி ஓடி வந்தாள்.

"வூடே நாறுது, உங்களுக்குத் தெரியலையா?"

அப்போதுதான் சொன்னேன். அவள் திட்டவில்லை. பாத்திரத்தை வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மன் மேல் எனக்குக் குறையில்லை. மூக்கையும் வாசனையையும் கொடுத்தவள் அவள். அந்த மூடி இரண்டே மாதத்தில் முடிகிற காரியம் என்றால், இத்தனை வருஷமும் ஏன் செய்யவில்லை? அதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவள் இரும்புலியூரிலிருந்து மல்லிச் சரம் வாங்கி வந்தாள். விளக்கேற்றிவிட்டு, சரத்தை அம்மன் படத்துக்குக் கொண்டுபோகாமல் என்னிடம் நீட்டினாள்.

"மொதல்ல நீங்க மோந்து பாருங்க. சாமி கோச்சுக்காது."

நெஞ்சு நிறைய இழுத்தேன். இரண்டு முறை.

"வருதா?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரத்தைப் படத்துக்குச் சாத்தினாள். யாரும் மோந்து பார்க்காத பூவாகவே அது சாமிக்குப் போய்ச் சேர்ந்தது.