செத்தவீட்டு நாளில் உடைந்த பெயர்கள்

2003ஆம் ஆண்டு, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஓய்ந்துகொண்டிருந்த நாட்கள். முல்லைத்தீவுக் கரையில் ஒரு மீனவர் சங்க அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவள் நான் ஒருத்திதான். அப்பா இன்றும் கைநாட்டுத்தான் வைப்பார். வவுனியாவில் தங்கிக் கணினி படித்துவிட்டு வந்திருந்த எனக்கு, அந்தக் கரையில் நிரல் எழுதத் தெரிந்தவள் நான் மட்டும்தான் என்ற பெருமை நிறைய இருந்தது. சங்க உறுப்பினர்களுக்கு அட்டை அச்சிடும் நிரலை எழுதிவிட்டு, "முழுக்க நான் எழுதினது" என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த அட்டையைக் காட்டினால்தான் படகு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் கிடைக்கும்.

எங்கள் பக்கத்துப் பெயர்கள் நீளமானவை. தகப்பன் பெயர், ஞானஸ்நானப் பெயர் எல்லாம் சேர்ந்தால் அட்டையில் ஒரு வரிக்குள் அடங்காது. இரண்டாம் வரிக்கு மடிய வேண்டும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் மடிந்தால் சரி. ஆனால் சில நாட்களில் மட்டும் சொல்லின் நடுவிலேயே உடைந்தது. கொம்பு மேல் வரியின் ஓரத்தில் தனியே நிற்கும். அதற்குரிய எழுத்து கீழ் வரியில் கிடக்கும். அடுத்த நாள் அதே பெயர் ஒழுங்காக வரும்.

தட்டச்சு வேலையைப் பார்த்தவள் பள்ளியில் என்னோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்தவள். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். நான் பழியை அவள்மேல் போட்டேன். "நீதான் எங்கையோ இடைவெளி விட்டுத் தட்டுறாய்" என்றேன். அவள் என் முன்னாலேயே ஒரு பெயரைத் தட்டினாள். அன்று சரியாக வந்தது. "பார்த்தியா, கவனமாத் தட்டினால் வருது" என்று அதையும் என் பக்கத்துக்கு ஆதாரமாக்கிக்கொண்டேன்.

பிறகு அப்பாவின் அட்டையிலும் பெயர் உடைந்தது. அது உடைந்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற எல்லோருக்கும் "மகள் செய்தது" என்று காட்டியிருக்கிறார். கொடுப்பவர், இது யாருடைய பெயரென்று விளங்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். வெறும் மண்ணெண்ணெய்க் கானோடு வந்த அப்பா என்னைக் கோபிக்கவில்லை. "அந்தப் பொடியன் புதுசு போலை, பிள்ளை. உன்ர எழுத்து அவனுக்கு விளங்கேல்லை" என்றார்.

அந்த வாரமே சங்கத் தலைவர் கூப்பிட்டார். "ஞாயிறு பூசைக்குப் பிறகு எல்லாருக்கும் அட்டை குடுக்கவேணும். ஏலாதெண்டால் சொல்லுங்கோ பிள்ளை, பழையபடி கையால எழுதுவிப்பம்." கையால் எழுதுவித்தால் அந்தக் கணினிக்கும் எனக்கும் அங்கே வேலை இல்லை. மூன்று நாள் என் நிரலை வரிவரியாக வாசித்தேன். ஒரு பிழையும் அகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் சொன்னாள்.

"உன்ர நிரலுக்குச் செத்தவீடு ஒத்துவராதடி. ஊரில ஆரும் செத்த நாளிலதான் உது குழம்புது."

"கொம்பியூட்டருக்கும் செத்தவீட்டுத் துடக்கோ?" என்று சிரித்தேன்.

"நீ படிச்சனீ, சிரி. நான் பார்த்ததைச் சொல்லுறன்."

அவள் மேசை லாச்சியைத் திறந்தாள். ஊரில் ஒருவர் இறந்தால் அன்று படகு இறக்க மாட்டார்கள். சங்கம் காலையிலேயே மரண அறிவித்தல் அடித்துக் கொடுக்கும். அடித்த ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி அவளிடம் இருந்தது. உடைந்த அட்டைகளையும் எறியாமல் வைத்திருந்தாள். இரண்டிலும் திகதி இருந்தது. ஒன்றாக அடுக்கிப் பார்த்தோம். ஒரு திகதிகூடத் தப்பவில்லை.

என் சிரிப்பு நின்றது. வரியை மடிக்கும் வேலையை மட்டும் நான் எழுதவில்லை. யாரோ எழுதிவைத்த ஒரு துணைக் கோப்பிடம் அதை விட்டிருந்தேன். அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. மரண அறிவித்தல் அடிக்கும் நிரலும் அதே கோப்பைத்தான் நம்பியிருந்தது, ஆனால் பழைய பிரதியை. கொம்பையும் எழுத்தையும் பிரிக்காமல் மடிக்க அந்தப் பழையதுக்குத் தெரியாது; அறிவித்தலின் அகலமான வரியில் பெயர் மடியாததால் அது அங்கே வெளியே தெரியவில்லை. ஜெனரேட்டர் ஓடும் சில மணிநேரம்தான் எங்களுக்கு மின்சாரம்; ஒவ்வொரு காலையும் கணினி புதிதாகத் தொடங்கும். எந்த நிரலை முதலில் திறக்கிறோமோ, அதன் கோப்புத்தான் அன்று முழுக்க இரண்டுக்கும் வேலை செய்யும். செத்தவீட்டு நாளில் முதலில் திறப்பது அறிவித்தல் நிரல். மற்ற நாட்களில் அதை ஒருவரும் தொடமாட்டார்கள்.

சரிபார்க்க வேண்டுமே. "திற" என்றேன்.

"ஒருத்தரும் சாகாமல் அதைத் திறக்கிறதோ? விசரே உனக்கு?"

கெஞ்சினேன். கணினியை அணைத்துத் திரும்பப் போட்டு, சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு அறிவித்தல் நிரலைத் திறந்தாள். பிறகு என் நிரலில் அப்பாவின் பெயரை அடித்தேன். நடுவில் உடைந்தது. நான் சந்தோஷத்தில் கைதட்டிச் சிரித்தேன்.

"செத்தவீட்டில கைதட்டிச் சிரிச்ச முதல் ஆள் நீதான்" என்றாள்.

பழைய கோப்பிருந்த இடத்தில் புதியதை வைத்தேன். இரண்டு நிரல்களையும் மாறி மாறித் திறந்தோம். அறிவித்தலும் சரியாக வந்தது, அட்டையும் சரியாக வந்தது. சனி முழுக்க அவள் தட்ட, நான் அச்சிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து, தலைவர் ஒலிபெருக்கியில் என்னைப் புகழ்ந்தார். அப்பா தன் அட்டையைச் சட்டைப்பையில் வைத்து, மேலால் தடவிக்கொண்டு நின்றார். அவள் பின்னால் மேசையடியில் மிச்ச அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்போது நான் வவுனியாவில் வேலை செய்கிறேன். அடுத்த ஆண்டு சுனாமியில் அந்த அலுவலகம் கடலோடு போய்விட்டது. அவள் தப்பி, கரையை விட்டு உள்ளே எங்கோ இருந்தாள். திரும்பச் சண்டை தொடங்கி வவுனியாப் பாதை பூட்டியபிறகு அவளிடமிருந்து கடிதமும் இல்லை. யாராவது பிழை என்று வந்தால், நிரலைத் திறக்கும் முன் அன்று காலையிலிருந்து என்னென்ன நடந்தது என்று கேட்கிறேன். எவ்வளவு சிரிப்பான பதிலாக இருந்தாலும் எழுதிக்கொள்கிறேன். எல்லோரும் என்னைக் கெட்டிக்காரி என்கிறார்கள். அப்போதெல்லாம், பிழையைக் கண்டுபிடித்தவள் அவள்தான் என்று அன்று ஒலிபெருக்கி முன்னால் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரி, இன்னும் என்னிடமே உடைந்து கிடப்பதாகத் தோன்றுகிறது.