ஒன்பது பல் வாரி

மரியானுக்கு நாற்பத்திரண்டு வயதில் காது போயிற்று. பதினெட்டு வயதிலிருந்து தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்த மனிதர் அவர். எழுபத்து மூன்றாம் வருஷம் சித்திரையில், எட்டுப் பாகம், அதாவது எட்டு ஆள் ஆழத்தில், வலது காதுக்குள் ஏதோ வெடித்தது. மேலே வந்தபோது கழுத்தெல்லாம் ரத்தம். இனி முங்கினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

சொல்வது சுலபம்; வயிறு கேட்குமா? அவருடைய மனைவி பிளாரன்சுக்கு அப்பன் வழியில் வந்த மூன்று ஏக்கர் வேம்பாருக்கு மேற்கே சும்மா கிடந்தது. மண்ணைவிடச் சுக்கான் கல்தான் அதிகம். ஏர் கொண்டுபோனவர்கள் கொழுமுனை முறிந்து, மாட்டைத் திட்டிக்கொண்டு திரும்பினார்கள். ஐப்பசி மழைக்குள் அதில் கம்பு விதைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் தை பிறந்ததும் மறுபடி கடல்தான். "ஒரு காதுதானே போச்சு, இன்னொண்ணு இருக்குல்லா" என்று சங்குப் படகுக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். என்ன கரிசனம் பாருங்கள்! அதைக் கேட்ட நாளிலிருந்து பிளாரன்ஸ் சரியாகச் சாப்பிடவில்லை.

புரட்டாசிக் கடைசியில் மரியான் ஓட்டப்பிடாரத்துக்குப் பஸ் ஏறினார். அங்கே ஞானையா என்பவரிடம் வாடகை டிராக்டர் இருந்தது. மழைக்கு முன்னால் அந்த வண்டிக்கு இருந்த கிராக்கி கல்யாணச் சமையல்காரருக்குக்கூட இருக்காது.

"ஒரு நாள்தான் தருவேன் வே. பின்னால மாட்டுததுல ஒண்ணத்தான் கொண்டாருவேன். அங்கன வந்து இது வேண்டாம், அது வேணும்னா மறுபடி ஓட்டப்பிடாரத்துக்கு ஓட முடியாது. பாத்துச் சொல்லும்."

கொட்டகையில் மூன்று உருப்படிகள் கிடந்தன. தாம்பாளம் தாம்பாளமாக இரும்பு வட்டுகள் வைத்த சட்டிக் கலப்பை. வரிசையாகக் கொத்துகள் நீட்டிக்கொண்டிருந்த கொத்துக் கலப்பை. மூலையில், லாரி வில்லுப் பட்டையை வளைத்துப் பட்டறையில் அடித்த ஒன்பது பல் வாரி ஒன்று, துருப்பிடித்துப்போய்க் கிடந்தது.

"சட்டிக் கலப்பைதான். அதுல கண்ண மூடிட்டுக் கைய வையும்" என்றார் ஞானையா.

மரியான் உண்மையிலேயே கண்ணை மூடினார். கலங்கிய தண்ணீரில் சங்கு தேடுகிறவனுக்குக் கைதான் கண். வட்டின் விளிம்பைத் தடவினார். அது கல்லைக் கண்டால் மேலேறி ஓடும், இல்லையென்றால் மண்ணோடு புரட்டி மூடும். கொத்தை அழுத்தினார், அது மண்ணைக் கீறும், கல்லைக் கிளப்பாது. வாரியின் இரண்டு பல்லுக்கு நடுவே முஷ்டியை விட்டார். முஷ்டி போயிற்று, தலையளவு கல் போகாது. பல்லின் வளைவு நங்கூரக் கையின் வளைவு.

"இதுதான் அண்ணாச்சி."

"பாறையில மாட்டுனா பல்லு போயிரும் வே!"

"மாட்டத்தானே வேணும்" என்றார் மரியான்.

மறுநாள் விடிந்ததும் வேலை தொடங்கியது. வாரி மண்ணுக்குள் இறங்கியது. வண்டி பத்தடி நகர்வதற்குள் வெள்ளை வெள்ளையாகக் கற்கள் மேலே வந்து உருண்டன. பொடிமண் பல்லிடுக்கில் நழுவி நிலத்திலேயே தங்கியது. நான்கு ஆள் நான்கு நாள் பொறுக்க வேண்டிய கல், ஒரே இழுப்பில் வரப்போரம் குவிந்தது. பிளாரன்ஸ் முக்காட்டைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றாள்.

உச்சிப்பொழுதில், மேற்குப் பார்த்துப் போய்க்கொண்டிருந்த வண்டி நடு நிலத்தில் திணறியது. முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. ஞானையா பதறிப்போய் விசையிலிருந்து காலை எடுத்தார். சக்கரங்கள் தொப்பென்று விழுந்தன.

"அடியில பெரும் பாறை. போதும் வே, என் உசிரு எனக்கு வெல்லம். வண்டிய எடுத்துட்டுப் போவுதேன்."

இன்னும் பாதி நிலம் பாக்கி. பிளாரன்ஸ் புருஷனின் முகத்தைப் பார்க்கவே பயந்தாள். மரியான் ஓடிப்போய்ப் பாறைமேல் குப்புறப் படுத்து, மண்ணைத் தோண்டி நாலு பக்கமும் விளிம்பைத் தடவினார்.

"அண்ணாச்சி, கல்லுல மாட்டுன நங்கூரத்த நாங்க ஒருநாளும் முன்னால இழுக்க மாட்டோம். படகச் சுத்திட்டு அந்தப் பக்கமாப் போயி இழுப்போம். வாரியத் தூக்கிட்டு மேக்க போயி, கிழக்க பாத்து இழும். மேப்பக்கம் விளிம்பு திறந்து கெடக்கு."

"வண்டியும் படகும் ஒண்ணா வே?"

"ஒரே ஒரு தடவ. இதுக்கும் வரலேன்னா நீரு போவலாம்."

ஞானையா முணுமுணுத்தபடியே சுற்றிப் போனார். பல் இறங்கியது. வண்டி உறுமியது, ஒரு கணம் நின்றது, பிறகு நிலம் முனகுவது போல ஒரு சத்தம். கட்டில் அகலப் பாளம் ஒன்று மெல்ல எழுந்து புரண்டு மல்லாந்தது.

அதன் அடிப்பக்கம் முழுக்கச் சிப்பி. ஆயிரக்கணக்கில், ஒன்றன்மேல் ஒன்றாக, கல்லோடு கல்லாக. சங்கின் சுருள்கூட இரண்டு மூன்று தெரிந்தது. ஞானையா வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். தலையில் கட்டியிருந்த துண்டைத் தன்னையறியாமல் அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நாலு மைல் தள்ளில்லா வே கடல் கெடக்கு!"

மரியான் பாளம் கிடந்த பள்ளத்துக்குள் இறங்கினார். இருபத்து நாலு வருஷம் அவர் பார்த்த கடலடி எல்லாம் ஒரு கை தூரம், ஒரு மங்கல். அதை முழுசாக அவர் பார்த்ததே இல்லை. இப்போது, என்றோ கடல் விட்டுப்போய் வெயில் அடிக்கும் கடலடியில், இரண்டு காலையும் ஊன்றி நிற்கிறார். எதிரே கல் நீங்கிய ஒன்றரை ஏக்கர் சிவந்து விரிந்து கிடக்கிறது. மீதியும் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும், தையில் படகு இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. மாதாவே என்று சொல்ல நினைத்தார், வாய் திறக்கவில்லை.

பிளாரன்ஸ் பள்ளத்தின் ஓரத்தில் வந்து குனிந்தாள். புருஷனின் கன்னம் உப்பியிருந்தது, நெஞ்சு அசையவில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஏங்க, இங்கன தண்ணியில்ல" என்றாள். "மூச்ச விடுங்க."