அலியாவில் எழும்பக் கூடாத விருந்தாளி

மார்ச் பத்தொன்பது, காலை ஏழரை. பலெர்மோ மத்திய நிலையத்தில் நானும் மனைவி ராஜியும் மகள் துளசியும் ரயில் ஏறினோம். சிசிலி என்றால் கடல்தான் என்று நினைப்பவர்கள் ஒருமுறை உள்நாட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் கடல் காணாமல் போய், மரமே இல்லாத மேடுகளில் பச்சைக் கோதுமை மட்டும் கிடந்தது.

ரொக்காபலும்பா நிலையத்தில் சால்வோ காருடன் நின்றான். பலெர்மோவில் நான் வேலைக்கு நின்று பராமரிக்கும் வயதான சிஞ்ஞோராவின், அதாவது வீட்டுக்கார அம்மாவின், தங்கை ரோசாவின் மகன் அவன். போன வருடம் டிராக்டர் கவிழ்ந்து அடியில் அகப்பட்டவன், இப்போது நொண்டி நொண்டி நடக்கிறான். மகன் பிழைத்தால் இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பருக்கு அவர் திருநாளில் விருந்து வைப்பதாக ரோசா நேர்ந்திருந்தாள். அதற்குத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

வழியில் குர்ஃபா குகைகளைக் காட்டினான். செம்பாறைக்குள் குடைந்த பெரிய கூடம், உச்சியில் ஒரு துளை. அந்தக் காலத்தில் தானியம் கொட்டி வைத்தார்களாம். அங்கே நின்றபடியே விருந்தின் முறையை இத்தாலிய மொழியில் சொன்னான்.

"வெளியாக்கள் மூண்டு பேர் சூசையப்பராயும் மாதாவாயும் பிள்ளையாயும் இருக்கவேணும். அம்மா வெறுங்காலோடை பரிமாறுவா. கடைசிச் சாப்பாடு முடியுமட்டும் நீங்கள் எழும்பக் கூடாது. எழும்பினால் நேர்த்தி நிறைவேறாது."

"நாங்கள் சைவ சமயம் எல்லோ?" என்றாள் ராஜி.

"அம்மாவுக்குத் தெரியும். வாசலுக்கு வாற ஆள்தான் சூசையப்பர் எண்டு சொல்லுவா."

பதினொரு மணிக்கு அலியா. மேட்டில் ஒரு தேவாலயம், சரிவில் ஒட்டி ஒட்டி வீடுகள், ஊரைச் சுற்றிக் கோதுமை. பார்க்க வேண்டிய இடங்கள் அரை நாளில் முடிந்துவிடும். ரோசாவின் வீட்டிலோ பாதி ஊர் நின்றது. எழுபது வயது ரோசா வெறுங்காலுடன் வந்து எங்கள் கைகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். கடலை போட்ட பாஸ்தா, பெருஞ்சீரகக் கீரை முட்டைப் பொரியல், ஆரஞ்சுத் துண்டுகள். முட்டையை விட்டால் எங்கள் வெள்ளிக்கிழமை போலத்தான், இறைச்சி கிடையாது.

ஒவ்வொரு வகைச் சாப்பாட்டுக்கும் புதுத் தட்டு. பழைய தட்டுகள் மேசை ஓரத்தில் குவிந்தன. சிஞ்ஞோராமார் வீட்டில் பதினெட்டு வருடம் வேலை செய்தவனுக்கு அழுக்குத் தட்டைக் கண்டால் கை சும்மா இருக்காது. ரோசா முதுகைப் பிடித்துக்கொண்டு அடுத்த சட்டியை எடுக்க உள்ளே போனாள். நான் யோசிக்கவேயில்லை. தட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய், சட்டைக் கையைச் சுருட்டிக் கழுவத் தொடங்கிவிட்டேன்.

திரும்பினால் வாசலில் சனம். ரோசா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சால்வோ சுவரைப் பிடித்துக்கொண்டு தன் காலைப் பார்த்தான்.

"அப்பா, இஞ்சை நீங்கள் கமெரியேரே இல்லை!" என்று துளசி அழுகிற குரலில் சொன்னாள். கமெரியேரே என்றால் பரிமாறும் வேலையாள்.

நேர்த்தி என்றால் என்னவென்று தெரியாதவனா நான்? ஊரில், நல்லூர்க் கோயிலில் என் பெயரில் அம்மா காவடி நேர்ந்தவள்.

ரோசா திட்டவில்லை. என்னைக் கதிரையில் இருத்திவிட்டு மெல்லச் சொன்னாள்: "முதலிலையிருந்து துவங்குவம்."

அத்தனையையும் மறுபடி சூடாக்கினாள். குளிர்ந்த தரையில் அந்தக் கால்கள் இரண்டாம் முறையும் நடந்தன. தொண்டை வரை நிறைந்தும் நான் ஒன்றையும் மறுக்கவில்லை. முடிவில் வழக்கப்படி குனிந்து என் கையை முத்தமிட்டாள். அதில் இன்னும் சவர்க்கார மணம் இருந்தது.

மாலை ஐந்து மணி ரயில். நான்தான் பேச்சைத் தொடங்கினேன்.

"பழக்கதோசம், ராஜி. அந்த மனிசி முதுகைப் பிடிச்சதைப் பார்த்துக்கொண்டு இருக்கேலாமல் போச்சு."

ராஜி கோபமாகச் சொல்லவில்லை.

"எனக்கும் முதுகு நோகிறதுதான். எங்கடை வீட்டிலை நீங்கள் ஒருநாளும் எழும்பினதில்லையே?"

காலையில் தேத்தண்ணீர் குடித்த மூன்று கோப்பைகளும் வீட்டுக் குசினித் தொட்டியில் கழுவாமல் அப்படியே கிடப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.