அக்கரையில் விட்ட பூனை

என் அண்ணன் வீட்டில் பூனை வளர்க்க ஆரம்பித்ததற்குச் சொன்ன காரணம் எலி. நெல் மூட்டை அடுக்கியிருக்கும் வீட்டில் எலி இருக்கத்தான் செய்யும். ஆனால் தாத்தா காலத்திலிருந்து அந்த வீட்டில் எலி இருந்தது, பூனை இருந்ததில்லை. பொறி வைப்போம், மருந்து வைப்போம், கிழிந்த சாக்கைத் தைத்துக்கொள்வோம். அந்த ஒரு வருடம் மட்டும் எலிக்கு என்ன அப்படி மவுசு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான். நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

எனக்கு இளைப்பு உண்டு. ஆறாவது படிக்கும்போது எதிர்வீட்டுப் பூனைக்குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு வந்தேன். அரை மணி நேரத்தில் கண் வீங்கி, நெஞ்சு இழுத்து, உதடு நீலமாகிவிட்டது. தஞ்சாவூரில் டாக்டர் ஊசி போட்டுவிட்டு, இந்தப் பெண் இனிமேல் பூனை இருக்கும் வீட்டு வாசற்படியைக்கூட மிதிக்கக் கூடாது என்றார். அன்றைக்கு என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியவன் இதே அண்ணன்தான். அப்போது அவனுக்குப் பதினாறு வயது. ஓடும்போது அழுதான். அதனால்தான் சொல்கிறேன், எனக்கு எது ஆகாது என்று அவனுக்குத் தெரியாது என்று என்னிடம் யாரும் கதை விட வேண்டாம்.

இளைப்புக்காரி என்று தெரிந்ததும், பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜி பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று எழுந்து போனார்கள். நாலு வீட்டுக்காரர்கள் அப்படிப் போன பிறகு, இனிமேல் யாருக்கும் பஜ்ஜி போட வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. தாராசுரத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கினேன். சனி, ஞாயிறும் லீவு நாளும் குடமுருட்டிக் கரையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன். அப்பா அம்மா போன பிறகும் வந்தேன். வாசலை ஒட்டின அறை என்னுடையது. என் கட்டில், என் புத்தகம், சுவரில் நான் மாட்டிய மாவட்ட வரைபடம் எல்லாம் அங்கேதான் இருந்தன.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. பரம்பரைச் சொத்தில் பெண்ணுக்கும் ஆணுக்குச் சமமாகப் பங்கு உண்டு என்று மாநில அரசு கொண்டுவந்தது. அண்ணன் கட்சிக்காரன், பிடிவாதமான கட்சிக்காரன். கொண்டுவந்தது அவன் கட்சி அரசாங்கம். கடைத்தெருவில் வெடி வெடித்தான். மேடை போட்டு, பெண்ணை அடிமையாக வைத்திருக்கும் நாடு உருப்படாது என்று மைக்கில் கத்தினான். அவன் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்து பனங்கற்கண்டுப் பால் குடித்ததை நானே பார்த்தேன். சட்டம் அமலுக்கு வருவதற்கு முன் கல்யாணமாகிப் போன பெண்களுக்குத்தான் அது பொருந்தாது, ஆகாதவர்களுக்குப் பொருந்தும் என்று மறு வாரம் டீக்கடையில் யாரோ அவனுக்கு விளக்கியிருக்கிறார்கள். “உங்க வீட்லயும் ஒண்ணு இருக்குல்லண்ணே” என்று சிரித்திருக்கிறார்கள். அதோடு மைக் அடங்கியது.

எங்களுக்கு இருந்தது பதினைந்து மா நிலம், ஐந்து ஏக்கர். மிராசுதாரிடம் வாரத்துக்கு உழுது உழுது தாத்தா வாங்கியது. அதைக் காப்பாற்ற அப்பா பாதி ஆயுளைக் கோர்ட்டு வாசலில் கழித்தார். வரப்பை ஒரு சாண் வெட்டிவிட்டான் என்று அரிவாளை எடுத்த ஊர் அது. அதில் பாதி எனக்கு என்று சட்டம் சொன்னபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வரவில்லை. நாற்றங்கால் எது, நடவு எது என்று பார்த்தால் தெரியும், அவ்வளவுதான். ஆனால் தை மாதம் அண்ணன், என் பங்கை நான் விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரத்தை டைப் அடித்துக் கொண்டுவந்து, தட்டில் சோறு இருக்கும்போதே பக்கத்தில் வைத்துப் பேனாவையும் நீட்டியபோது எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மாசியில் பூனை வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் பையோடு உள்ளே நுழைகிறேன், என் கட்டிலில், என் தலையணைமேல், கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பெட்டைப் பூனை சுருண்டு கிடக்கிறது. அண்ணன் மகள், எட்டு வயதுக்காரி, அதற்குப் பொட்டு வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்மேல் எனக்கு இன்றும் கோபமில்லை.

“வாங்க, வாங்க” என்று அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “ஒரே எலித் தொல்லைங்க. வெத நெல்லைக்கூட விட்டு வைக்கல. அதான் எங்க அம்மா வீட்லேருந்து எடுத்தாந்தேன்.”

“எனக்கு ஆகாதே அண்ணி.”

“அட, ஆமால்ல!” என்று கையைக் கன்னத்தில் வைத்தாள். “புள்ளைக்கு உசிரா இருக்குங்க அதுமேல. நீங்க என்னிக்கோ ஒரு நாள் வர்றவங்க.”

வாரா வாரம் வருகிறவள் அன்றைக்கு என்னிக்கோ வர்றவளாகிவிட்டேன். அந்த வார்த்தை பூனை முடியைவிட அதிகமாக என் நெஞ்சை அடைத்தது. அன்று சாயங்காலமே இழுப்பு வந்து, கடைசி பஸ்ஸில் திரும்பினேன். அடுத்த வாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு போனேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. தெருவில் என்ன பேசினார்கள் தெரியுமா? ஒரு வாயில்லா ஜீவனுக்காகக் கூடப்பிறந்தவன் வீட்டை வேண்டாம் என்கிறாளாம். கல்யாணமாகாதவளுக்குப் பிள்ளையையும் பிடிக்காது, பூனையையும் பிடிக்காதாம்.

சித்திரையில் அண்ணன் தாராசுரத்துக்கே வந்தான். வெள்ளரிப் பிஞ்சு கொண்டுவந்திருந்தான். என் அறையில் இருந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தான்.

“இந்தா பாரு, நமக்குள்ள எதுக்கு இந்த மனஸ்தாபம்? ஒனக்கு என்ன வேணும், சொல்லு.”

“நிலம் வேண்டாம். என் ரூம் வேணும். லீவுக்கு வரணும், ரிட்டயர் ஆனதும் அங்கேயே வந்து இருக்கணும். சாகற வரைக்கும். அந்தப் பூனை இருந்தா முடியாது.”

“பூனைய விட்டுட்டா?”

“கையெழுத்துப் போடறேன்.”

“ரூமைப் பத்தியும் பத்திரத்துல எழுதணுமா?” என்று கேட்டான். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அண்ணனிடம் எழுத்தில் வாங்குவதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. வேண்டாம் என்றேன். அவ்வளவு ரோஷக்காரி நான்.

எங்கள் பக்கத்தில் பூனையைக் கொல்ல மாட்டார்கள், பாவம் சேரும். வேண்டாத பூனையைச் சாக்கில் போட்டு, ஆற்றைக் கடந்து, அக்கரையில் கொண்டுபோய் விடுவார்கள். ஆற்றைத் தாண்டிவிட்டால் பூனைக்கு வழி தெரியாது, திரும்பாது. சின்ன வயதிலிருந்து கேட்டது, தெருவில் எத்தனையோ பேர் செய்து பார்த்தது. அண்ணனை நம்பி விட்டுவிட நான் என்ன கிறுக்கா? நானும் கூட வருகிறேன் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு பத்தடி தள்ளிப் பின்னால் போனேன். அண்ணன் மகள் கரைவரைக்கும் அழுதுகொண்டே வந்து நின்றுவிட்டாள். அக்கரையில் வாழைக்கொல்லை ஓரத்தில் அவன் சாக்கைத் தலைக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றினான், திசை மறக்க வேண்டுமாம். பிறகு அவிழ்த்துவிட்டான். பூனை எங்களைத் திரும்பிப் பார்க்காமல் வாழைக்குள் ஓடியது. எனக்கு ஒரே நிம்மதி.

பத்து நாள் கழித்து ரிஜிஸ்தர் ஆபீஸுக்குப் போனோம். மனப்பூர்வமாக எழுதிக் கொடுக்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். ஆமாம் என்றேன். கையெழுத்துப் போட்டேன், ரேகை வைத்தேன். வீட்டில் அண்ணி வடை பாயசத்தோடு சமைத்திருந்தாள். என் அறையைத் தண்ணீர் விட்டுக் கழுவி, தலையணை உறையை மாற்றி வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு அங்கே படுத்து சாயங்காலம்வரை தூங்கினேன். ஒரு இழுப்புக்கூட இல்லை. எழுந்தபோது அண்ணியைப் பற்றித் தப்பாக நினைத்ததற்காக வருத்தப்பட்டேன். அதைச் சொல்லி அவள் கையைக்கூடப் பிடித்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் திறந்த மும்முரத்தில் இரண்டு மாதம் போக முடியவில்லை. ஆடிப் பெருக்கன்று போனேன். ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. படித்துறையில் ஒரே கூட்டம். புதுப் போர்வையும் படிக்கிற புத்தகங்களும் ஒரு டிரங்குப் பெட்டியில் கொண்டுபோயிருந்தேன். அறையில் நிரந்தரமாக வைப்பதற்கு.

கதவைத் தள்ளினால், கட்டிலுக்கு அடியில், என் பழைய புடவைமேல் அதே பூனை. நாலு குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்தன.

அண்ணன் மகள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். “குட்டி பாத்தியா அத்த? நீ கையெழுத்து போட வந்தப்ப வயித்துலதான் இருந்துச்சு. அக்கரைல விட்ட மறுநாளே அது வந்துடுச்சு தெரியுமா? நீ வந்த அன்னிக்கு அம்மாதான் மாட்டுக் கொட்டாயில பஞ்சாரத்தைப் போட்டுக் கவுத்து வச்சிருந்தாங்க. சத்தம் போடுதான்னு என்னைக் காவலுக்கு உக்கார வச்சாங்க.”

நான் பாயசம் குடித்துவிட்டுத் தூங்கிய மத்தியானம் அது. கோழி மூடுகிற கூடைக்குள் பூனை இருந்திருக்கிறது. என் வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. வகுப்பில் ஒரு பிள்ளையைக்கூட மரியாதையில்லாமல் திட்டியறியாதவள், கூடத்தில் நின்று ஏமாற்றுக்காரி, நயவஞ்சகி என்று கத்தினேன். “சின்னப் புள்ள பேச்சைக் கேட்டுக்கிட்டு” என்று அண்ணி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அண்ணன் ஆற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தான். கத்தல் தெருவுக்கே கேட்டிருக்கும். எதுவும் விசாரிக்கவில்லை. கொடியில் துண்டை உதறிப் போட்டான்.

“ஆத்துல தண்ணி இல்லாதப்ப கொண்டு போய் விட்டிருக்கே” என்றேன். மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது. “நடந்தே திரும்பி வந்துடும்னு ஒனக்குத் தெரியும். தெனம் காலைல ஆத்தைப் பாக்கறவன் நீ. தெரிஞ்சேதானே செஞ்சே?”

மறுப்பான் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவன் ஈரத் தலையைக் கோதிக்கொண்டு, கோபமே இல்லாமல் என்னைப் பார்த்தான்.

“நீயுந்தானே கூட நடந்து வந்தே” என்றான்.

ஆமாம், நடந்துதான் போனேன். கரைக்குக் கரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அக்கரையில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி மணலைத் தட்டிக் கொட்டினேன்.